பழைய போர் வீலு மக்கர் பண்ணுதா? பொமேன்கிட்ட போறதுக்கு முன்னாடி நாமளே பாக்க வேண்டியது

2005-லேருந்து 2012 வரைக்கும் வந்த ஹைலக்ஸ் 2.5, டிரைட்டன், டி-மேக்ஸ், ரேஞ்சர் மாதிரி பழைய டீசல் போர் வீல் பிக்கப் வச்சிருக்கவங்களுக்காக இத எழுதுறேன். நம்மாளுங்க நெறய பேருக்கு இந்த காடிதான் பொழப்பே, புல்லு வெட்டுற கான்ட்ராக்ட், ஏர்கோன் வேலை, கேட்டரிங், கல்யாண மண்டபத்துக்கு நாற்காலி ஏத்துறதுன்னு எல்லாம் இதுலதான் ஓடுது. 2024 ஜூன் 10-ம் தேதி தீபகற்ப மலேசியாவுல டீசல் ஒரு லிட்டர் 2 வெள்ளி 15 காசுலேருந்து ஒரே ராத்திரியில 3 வெள்ளி 35 காசு ஆனதுக்கு அப்புறம் கோளாறான எஞ்சின அப்படியே இழுத்துக்கிட்டு ஓட்டுறது நேரா நம்ம பாக்கெட்ட கடிக்குது.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். பார்ட்ஸ் வாங்காதீங்க, முதல்ல கோளாறு எப்ப வருதுன்னு பாருங்க. “காடி இழுக்க மாட்டேங்குது பாஸ்”னு மட்டும் சொல்லி சாவிய குடுத்தீங்கன்னா பொமேனும், அதாவது மெக்கானிக்கும், குத்துமதிப்பா ஒண்ணொண்ணா மாத்திப் பாப்பாரு, இன்ஜெக்டர், பம்பு, டர்போன்னு பில்லு ஏறிக்கிட்டே போகும், கடைசியில பாத்தா கிழிஞ்ச ஒரு ரப்பர் ஹோஸா இருக்கும். அதனால ஒரு வாரம் போன்ல குறிச்சு வைங்க. காலையில எஞ்சின் ஆறியிருக்கும்போது வருதா, சூடானப்புறம் வருதா? மேட்டுல மட்டுமா? எந்த கியர்ல? கிளச் மிதிச்சா சத்தம் நிக்குதா, இல்ல மிதிச்சாதான் சத்தமே வருதா? டீசல் ஊத்துன அன்னைக்கா, மழையில ஓட்டுன மறுநாளா? சத்தம்னா வீடியோவும் எடுத்துக்குங்க, வெர்க்‌ஷாப் வாசல்ல போய் நிக்கும்போது அந்த சத்தம் வரவே வராது, அதுக்கு அப்படி ஒரு கொணம்.

ஸ்டார்ட் ஆகலன்னா

இதுல மூணு விதம் இருக்கு, மூணையும் ஒண்ணா போட்டுக் கொழப்பிக்காதீங்க. சாவி திருப்புனா ‘டக்’னு ஒரு சத்தம் மட்டும் வந்து எஞ்சின் சுத்தலன்னா பேட்டரி, டெர்மினல், எர்த் வயரு, ஸ்டார்ட்டர், இந்த வரிசையிலேயே பாருங்க. சின்ன மல்டிமீட்டர் ஒண்ணு வாங்கி டேஷ்போர்டுல போட்டு வைங்க. காடி ராத்திரி பூரா நின்ன பிறகு பேட்டரி 12.6 வோல்ட் கிட்ட காட்டணும், ஸ்டார்ட்டர் சுத்தும்போது 10-க்கு கீழ ரொம்ப எறங்கக் கூடாது, எஞ்சின் ஓடும்போது 13.8-லேருந்து 14.4 வரைக்கும் இருக்கணும். பேட்டரி நல்லா இருந்தும் சோம்பலா சுத்துனா ஜம்பர் வயர எடுத்து பேட்டரி நெகட்டிவ்லேருந்து நேரா எஞ்சின் பிளாக்ல ஒரு இரும்புல மாட்டிப் பாருங்க, உடனே சுறுசுறுப்பா சுத்துச்சுன்னா எர்த் வயர்தான் துருப்பிடிச்சுப் போயிருக்கு, அத மாத்துனா போதும். டொயோட்டா ஸ்டார்ட்டர்ல உள்ளுக்கு இருக்கிற செம்பு காண்டாக்ட் தேஞ்சு போறது ரொம்ப சாதாரணம், பத்து தடவ ‘டக் டக்’னு சொல்லிட்டு பதினோராவது தடவ புடிக்கும், இதுக்கு அந்த காண்டாக்ட மட்டும் மாத்தலாம், முழு ஸ்டார்ட்டர் வாங்கணும்னு அவசியமே இல்ல.

நல்லா சுத்துது ஆனா புடிக்கலன்னா டீசல் வரலன்னு அர்த்தம், இல்ல காத்து கலந்து வருது. பில்டர் மேல ஒரு கை பம்பு இருக்கும், காலையில முதல் தடவ ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அத அமுக்குங்க. லூசா அமுங்கி, கொஞ்ச நேரம் அமுக்குனப்புறம் கெட்டியாகி, அதுக்கப்புறம் காடி உடனே புடிச்சுதுன்னா ராத்திரியில டீசல் டேங்குக்கு திரும்பிப் போயிருக்கு, எங்கயோ காத்து இழுக்குது. இந்த லீக்குல டீசல் வெளிய சொட்டாது, வெளியிலேருந்து காத்து உள்ள போகும், அதனாலதான் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. பில்டருக்கு அப்புறம் ஒரு துண்டு டிரான்ஸ்பரன்ட் டீசல் ஹோஸ் போட்டுப் பாத்தா காத்துக் குமிழி ஓடுறது அப்படியே தெரியும். கிளிப்பு, பில்டர் ஓரிங், டேங்க் கிட்ட இருக்கிற ரப்பர் ஹோஸ், இந்த மூணுலதான் பெரும்பாலும் மாட்டும். இங்க விக்கிற டீசல்ல பாமாயில் பயோடீசல் கலந்திருக்கு, பழைய ரப்பர அது ஊற வச்சு மிருதுவாக்கிரும், டேங்குல வருசக்கணக்கா படிஞ்ச அழுக்கையும் கரைச்சுக் கொண்டாந்து பில்டர்ல அடைக்கும், தண்ணியையும் சாதா டீசல விட அதிகமா புடிச்சு வைக்கும். அதனால பழைய காடிக்கு டீசல் பில்டர புத்தகத்துல போட்டிருக்கிறதுக்கு முன்னாடியே மாத்துங்க, அடியில இருக்கிற தண்ணி நட்ட மாசத்துக்கு ஒரு தடவயாவது தொறந்து வடிச்சு விடுங்க.

மூணாவது விதம்தான் பயங்கரம். எப்பவும் சுத்துற சத்தத்த விட ரொம்ப லேசா, வேகமா ‘விர்ர்’னு சுத்துதுன்னா உடனே நிறுத்துங்க, மறுபடி சாவிய தொடாதீங்க, டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். ஹைலக்ஸ் 2.5-ல இருக்கிற 2கேடி எஞ்சினும் டிரைட்டன்ல இருக்கிற 4டி56 எஞ்சினும் பெல்ட்டுலதான் ஓடுது. 4டி56-ல பேலன்ஸ் ஷாஃப்டுக்கு தனியா ஒரு சின்ன பெல்ட் வேற இருக்கு, அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள்ள சிக்கி அதையும் இழுத்துக்கிட்டு போயிரும், அதனால மாத்தும்போது ரெண்டையும் டென்ஷனரோட சேத்து மாத்துங்க. செகண்ட் ஹேண்ட் வாங்குனவங்க “முன்ன இருந்தவரு மாத்திட்டேன்னு சொன்னாரு”ன்னு நம்பாதீங்க, ரசீது இல்லன்னா மாத்தலன்னுதான் வச்சுக்கணும். பெல்ட் அறுந்து வால்வும் பிஸ்டனும் மோதிக்கிட்டா பெல்ட் காசு எங்க, ஹெட்டு இறக்குற காசு எங்க.

பொகைய பாருங்க, அது பேசும்

கறுப்பு பொகைன்னா டீசல் அதிகம் இல்ல காத்து கம்மி. ஏர் பில்டர கழட்டி வெளிச்சத்துக்கு எதுர புடிச்சுப் பாருங்க, அப்புறம் டர்போலேருந்து இன்டர்கூலருக்கு போற ஹோஸ முழுசா தடவிப் பாருங்க, அடிப்பக்கம் கீறல் இருந்தா கைக்கு ஆயில் பிசுக்கு வரும், ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது ‘உஸ்ஸ்’னு சத்தம் கேக்கும். எரிஞ்ச பொகையில கொஞ்சத்த திரும்ப எஞ்சினுக்குள்ள விடுற ஈஜிஆர் வால்வு கரி புடிச்சு தொறந்தே நின்னாலும் கறுப்பா கக்கும். காடி பரிசோதன பண்ற பஸ்பகோம்ல பொகை அளவு 50 எச்எஸ்யூ-வ தாண்டுனா பெயிலு, போறதுக்கு முந்துன நாள் எதையாவது ஊத்தி ஏமாத்தலாம்னு பாக்குறத விட இந்த மூணையும் சுத்தம் பண்ணிட்டுப் போறதுதான் வழி.

வெள்ள பொகை காலையில கொஞ்ச நேரம் வந்து கண்ணு எரிஞ்சா எரியாத டீசல், ஸ்டார்ட்டுக்கு முன்ன சூடாக்குற குளோ பிளக் இல்ல இன்ஜெக்டர் இல்ல கம்ப்ரஷன். நம்மூரு சூட்டுல குளோ பிளக் தேவையில்லன்னு சில பேரு கழட்டியே விட்டுர்றாங்க, எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே அழுத்தக் குழாய்லேருந்து டீசல் போற காமன் ரயில் எஞ்சினுக்கு அது ஓரளவு ஒத்துவரும், ஆனா டீசல் முதல்ல ஒரு சின்ன அறைக்குள்ள எரியுற பழைய ப்ரீ-சேம்பர் எஞ்சினுக்கு ஒத்துவராது. சூடானப்புறமும் வெள்ளையா வந்து, இனிப்பு வாசன அடிச்சு, ரேடியேட்டர் தண்ணியும் கொறஞ்சா கூலன்ட் உள்ளுக்கு எரியுதுன்னு அர்த்தம். நீல பொகைன்னா மினியாக் ஹித்தாம், அதாவது எஞ்சின் ஆயில், எரியுது. ஐடில்ல ரொம்ப நேரம் நிறுத்திட்டு மிதிக்கும்போது மட்டும் நீலமா வந்தா டர்போ சீலும் வால்வு சீலும், எப்பவுமே வந்தா பிஸ்டன் ரிங்கு. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடிய தொறந்து வாய் மேல அப்படியே வச்சுப் பாருங்க, லேசா ஆடுனா பரவால்ல, குபுகுபுன்னு தள்ளி மூடி குதிச்சா உள்ளுக்கு அழுத்தம் தப்பிச்சு வருது. அதுக்காக உடனே ரிங்கு போச்சுன்னு முடிவு கட்டிராதீங்க, ஹைலக்ஸ் டி-4டி-ல இன்ஜெக்டர் அடியில இருக்கிற செம்பு வாஷர் கசிஞ்சாலும் இதே மாதிரிதான் காட்டும். அந்த கசிவ கவனிக்காம விட்டா கரி ஆயில்ல எறங்கி சம்புல இருக்கிற சல்லடைய அடைச்சு, ஆயில் மேல ஏறாம எஞ்சினே ஜாமாகிரும். மலிவான வாஷர்தான், ஆனா அது கெட்டு எஞ்சின் போன கதைங்க இங்க நெறய.

மேட்டுல இழுக்கலன்னா

காராக் ஹைவேல கெந்திங் செம்பா ஏத்தம்தான் எங்களுக்கு டெஸ்ட் ரோடு. முன்ன நாலாவது கியர்ல போன எடத்துல இப்ப மூணு போட வேண்டியிருக்குன்னா முதல்ல டீசல் பில்டர், ஏர் பில்டர், டர்போ ஹோஸ், இந்த மூணு மலிவான சங்கதிய முடிங்க. மூணும் சரியா இருந்தும் இழுக்கல, ஐடில் மேலயும் கீழயும் ஆடுது, சூடானதும் சிக்னல்ல நிக்கும்போது அப்படியே ஆப் ஆகுதுன்னா ஹை பிரஷர் பம்புல டீசல் அளவ கட்டுப்படுத்துற எஸ்சிவி வால்வ சந்தேகப்படுங்க. டென்சோ பம்பு போட்ட 2கேடி, டிரைட்டன் காமன் ரயில், நவாரா எல்லாத்துலயும் இது அடிக்கடி வர்ற நோவு. ஸ்கேனர் மாட்டுனா பி0087-ங்கிற கோளாறு கோடு, அதாவது ரயில் அழுத்தம் கம்மின்னு காட்டலாம், ஆனா அந்த கோடு பம்பு போச்சுன்னு சொல்லல, அழுத்தம் இல்லன்னு மட்டும்தான் சொல்லுது. அடைச்ச பில்டரும் அதே கோடுதான் குடுக்கும், காத்து இழுத்தாலும் அதேதான், இன்ஜெக்டர் ரிட்டர்ன் அதிகமானாலும் அதேதான். இத புரிஞ்சுக்காமதான் நம்மாளுங்க நல்ல பம்பையே மாத்துறாங்க.

இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட வெர்க்‌ஷாப்ல கண்டிப்பா கேளுங்க. நாலு இன்ஜெக்டர் ரிட்டர்னுக்கும் நாலு சின்ன ஹோஸ் போட்டு நாலு பாட்டில்ல விடுவாங்க, கொஞ்ச நிமிசம் ஐடில்ல ஓட்டுனா எந்த பாட்டில் மட்டும் வேகமா நெறயுதோ அதுதான் தேஞ்ச இன்ஜெக்டர். ஒண்ணுதான் கெட்டிருக்குன்னு தெரிஞ்சா நாலையும் கழட்டி செய்யிற செலவு மிச்சமாகலாம். ஒரு விசயம் மட்டும் வெளையாட்டே இல்ல, காமன் ரயில் எஞ்சின் ஓடும்போது அந்த இரும்பு பைப்ப லூஸ் பண்ணிப் பாக்குற பழைய பழக்கம் வேணவே வேணாம். உள்ளுக்கு 1,000 பாருக்கு மேல அழுத்தம் போகும், ஊசி மொன அளவு கசிவு போதும், கண்ணுக்கே தெரியாம தோல கிழிச்சு டீசல் உள்ளுக்கு போயிரும், அப்படி ஆனா வலி இல்லன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். கசிவு இருக்கான்னு கைய வச்சு தடவாதீங்க, அட்டைய காட்டிப் பாருங்க.

சூடு

தைப்பூச நேரத்துல தண்ணிப் பந்தல் சாமான் பூரா ஏத்திக்கிட்டு பத்துமலைக்கு ஊர்ந்து ஊர்ந்து போறப்பதான் நெறய பழைய காடிக்கு ஊசி மேல ஏறும். ஜாம்ல மட்டும் ஏறி ஹைவேல எறங்குனா ஃபேன் பக்கம் பாருங்க, ஹைவேல வேகமா போகும்போது ஏறுனா ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்பு. எஞ்சின நிறுத்தி ஆறவிட்டு விஸ்கஸ் ஃபேன கையால ஒரு சுத்து சுத்தி விடுங்க, கெட்டியா நிக்கணும், நாலஞ்சு ரவுண்டு தானா சுத்துச்சுன்னா அதோட சிலிக்கோன் ஆயில் போச்சு. ஏர்கோன் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல சேறும் பூச்சியும் அடைஞ்சிருக்கும், வெளியிலேருந்து பாத்தா சுத்தமா தெரியும், டார்ச் அடிச்சு உள்ளுக்குப் பாத்து எஞ்சின் பக்கத்துலேருந்து மெதுவா தண்ணி அடிங்க.

ஹெட் கேஸ்கெட் சந்தேகம் வந்தா காலையில நல்லா ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடிய தொறந்து ஸ்டார்ட் பண்ணுங்க. விடாம குமிழி வந்தாலோ, மூடி போட்டு ஓட்டி ஒரு நிமிசத்துக்குள்ளயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி ஆனாலோ எரிஞ்ச கேஸ் தண்ணியில கலக்குது. பழைய 4டி56 ஹெட்டு சூட்ட தாங்காது, வெடிப்பு விடும், ஊசி சிவப்ப தொட்டா “வீடு பக்கம்தான்”னு ஓட்டாதீங்க.

கியர் பாக்ஸா, இல்ல வேற எதாவதா?

இங்கதான் காசு அதிகமா வீணாகுது, நிதானமா படிங்க. ரவாங்ல தெரிஞ்ச அண்ணன் ஒருத்தருக்கு காடி எடுக்கும்போது அடியில ‘தடக்’குன்னு ஒரு அடி, அப்புறம் 20, 30-ல ஒரு அதிர்வு. ஒரு கடையில கியர் பாக்ஸ் மாத்தணும்னு சொல்லிட்டாங்க. காடிய தூக்கி புரோபெல்லர் ஷாஃப்ட கையால ஆட்டிப் பாத்தா சென்டர் பேரிங் ரப்பர் பிஞ்சு தொங்குது, அத மாத்துனதும் எல்லாம் சரியாயிருச்சு. அதனால கியர் பாக்ஸ தொடுறதுக்கு முன்னாடி ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்கு கட்ட வச்சு, எஞ்சின் நிறுத்தி, கீழ படுத்து குரோஸ் ஜாய்ண்ட், சென்டர் பேரிங், கியர் பாக்ஸ் மவுண்டிங், பின் டிஃப் (டிஃபரென்ஷியல்), நாலையும் ஆட்டிப் பாருங்க. ஜாக்கிய மட்டும் நம்பி அடியில போகாதீங்க, ஸ்டாண்ட் வைக்கணும்.

மேனுவல் கியர்னா கிளச்சுதான் முதல்ல. காலி ரோட்டுல நாலாவது கியர்ல 50-ல போயிக்கிட்டே முழுசா மிதிங்க, ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறலன்னா கிளச் வழுக்குது. கியரே விழமாட்டேங்குதுன்னா எஞ்சின் நின்னிருக்கும்போது போட்டுப் பாருங்க, நின்னா விழுது, ஓடும்போது விழலன்னா கிளச் முழுசா விடுபடல, மாஸ்டர் பம்பு, அடி பம்பு, ஆயில் கசிவு, ஹோஸ்ல காத்து, இதுங்கதான். மிதி பலகைக்கு மேல இருக்கிற மாஸ்டர் பம்பு கம்பிய தொட்டுப் பாருங்க, ஈரமா இருந்தா அங்கயே விடை இருக்கு. எல்லா கியரும் நல்லா விழுந்து ஒரே ஒரு கியர் மட்டும், முக்காவாசி ரெண்டாவது, ‘கர்ர்’னு கடிச்சா அந்த கியர் சத்தமில்லாம சேர உதவுற சிங்க்ரோ வளையம் தேஞ்சிருக்கு. சத்தத்துக்கும் கணக்கு இருக்கு, நியூட்ரல்ல கிளச்ச விட்டா சத்தம், மிதிச்சா நிக்குதுன்னா கியர் பாக்ஸ் இன்புட் பேரிங். மிதிச்சாதான் சத்தம்னா ரிலீஸ் பேரிங். முதல் ஆளுக்கு கியர் பாக்ஸயே பிரிக்கணும், ரெண்டாவது கிளச் வேலையோட முடிஞ்சிரும்.

கியர் ஆயில் மாத்தும்போது ஊத்துற நட்ட முதல்ல தொறங்க, அப்புறம்தான் வடிக்கிற நட்ட. மேல் நட்டு துருப்பிடிச்சு தொறக்க முடியாம போனா ஆயில் இல்லாம காடி அப்படியே நிக்கும். வடிக்கிற நட்டுல காந்தம் இருந்தா அதுல சாம்பல் நெற பசை ஒட்டியிருக்கிறது சகஜம், இரும்புத் துண்டு ஒட்டியிருந்தா சகஜம் இல்ல. ஜிஎல்-4 கேக்குற கியர் பாக்ஸுக்கு கடையில இருக்கிற ஜிஎல்-5-ஐ ஊத்தாதீங்க, அதுல இருக்கிற சில மருந்து சிங்க்ரோவோட பித்தளைய அரிக்கும்.

ஆட்டோ கியர்னா அதுக்குள்ள ஊத்துற ஏடிஎஃப் ஆயில்தான் உயிரு. டிப்ஸ்டிக் இருக்கிற மாடல்ல எஞ்சின் சூடா, சமமான தரையில, ஓடும்போதே பாருங்க. சிவப்பா இருக்கணும், கறுத்து கருகுன வாசன அடிச்சா உள்ளுக்கு கிளச் தட்டு எரியுது. ஏர் பாண்டுங் மாதிரி ரோஸ் பால் கலர்ல இருந்தா ரேடியேட்டருக்குள்ள இருக்கிற ஏடிஎஃப் கூலர் வெடிச்சு ரெண்டும் கலந்திருச்சு, அதுக்கப்புறம் ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாதீங்க, இழுத்துக்கிட்டுத்தான் போகணும். காலையில ‘டி’ போட்டு ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு ‘தொப்’புன்னு புடிச்சா முதல்ல ஆயில் அளவு. 60-லேருந்து 80 வரைக்கும் மெதுவா போகும்போது ரோட்டுல வரிப்பள்ளம் இருக்கிற மாதிரி நடுங்குனா டார்க் கன்வெர்ட்டர் லாக்கப், இதுக்கு சரியான ஆயில் மாத்துனாலே பல நேரம் கொறயும். ஓ/டி (ஓவர்டிரைவ்) லைட்டு மினுக்குனா உள்ளுக்கு கோளாறு கோடு பதிஞ்சிருக்கு, ஸ்கேன் பண்ணாம கியர் பாக்ஸ எறக்க விடாதீங்க. கண்ட ஏடிஎஃப்-ஐயும் கலக்காதீங்க, டெக்ஸ்ரான் கேக்குறதும் டொயோட்டா டபிள்யூஎஸ் கேக்குறதும் வேற வேற. ரொம்ப வருசமா மாத்தாத பாக்ஸுக்கு மெஷின் போட்டு ஃப்ளஷ் பண்றத விட வடிச்சு ஊத்தி, கொஞ்ச நாள் ஓட்டி, திரும்ப வடிச்சு ஊத்துறதுதான் பாதுகாப்புன்னு நான் நெனைக்கிறேன்.

நாலு சக்கரமும் இழுக்குற 4எச் போட்டு காஞ்ச தார் ரோட்டுல ஓட்டாதீங்க. முன்னும் பின்னும் வேற வேற வேகத்துல சுத்த நெனைக்கும், நடுவுல டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கிக்கும், அப்புறம் பின் சக்கரம் மட்டும் இழுக்குற 2எச்-க்கே வராது. வராம போனா நேரா ரிவர்ஸ்ல கொஞ்ச தூரம் போய்ப் பாருங்க, முறுக்கு விடும்.

வெள்ளத்துல போன காடி

2021 டிசம்பர்ல ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா பக்கம் வந்த வெள்ளம், 2017 நவம்பர்ல பினாங்குல வந்த வெள்ளம், ரெண்டுலயும் எத்தன காடி முழுகுச்சுன்னு பாத்தோம். போர் வீல் உசரம்தானேன்னு தண்ணியில எறக்கிர்றோம், சூடான டிஃப் குளுந்த தண்ணியில எறங்குனதும் உள்ளுக்கு இருக்கிற காத்து சுருங்கி, காத்து போக வச்சிருக்கிற பிரீத்தர் ஓட்டை வழியாவோ சீல் வழியாவோ தண்ணிய இழுத்துக்கும். சக்கரம் பாதிக்கு மேல முழுகுற தண்ணியில போனீங்கன்னா அந்த வாரமே முன் டிஃப், பின் டிஃப், கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் ஆயில கொஞ்சம் வடிச்சுப் பாருங்க, வெளுத்திருந்தா முழுசா மாத்துங்க. தண்ணியில எஞ்சின் அப்படியே நின்னுட்டா திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க, சிலிண்டர்ல தண்ணி இருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிரும்.

எல்லாம் பாத்தும் பாக்ஸோ எஞ்சினோ உண்மையிலயே போயிருச்சுன்னா பழைய காடி பார்ட்ஸ் விக்கிற கெடாய் போத்தோங்ல ஹாஃப் கட், அதாவது பாதியா வெட்டுன பழைய காடி, தேடுவீங்க. கியர் பாக்ஸ் வாங்கும்போது தூக்கி வைக்கிறதுக்கு முன்னாடி ஆயில் நட்ட தொறந்து காட்டச் சொல்லுங்க, இன்புட் ஷாஃப்ட மேல கீழ ஆட்டிப் பாருங்க, எல்லா கியரும் கையால போட்டு சுத்திப் பாருங்க, உங்க பாக்ஸோட கோடு நம்பர் தகடும் அவங்களோடதும் ஒண்ணான்னு போட்டோவ வச்சு சரி பாருங்க, 2டபிள்யூடி-க்கும் 4டபிள்யூடி-க்கும் பின்பக்கம் வேற. வாரண்டிய வாயால சொன்னா போதாது, ரசீதுல எழுதி வாங்குங்க. எஞ்சின் மாத்துனா நம்பர் மாறும், ரசீதோட பஸ்பகோம் பரிசோதனைக்குப் போய் ஜேபிஜே-ல (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிஞ்சுருங்க, பதியாத எஞ்சினோட காடிய நாளைக்கு விக்கப் போனா பேரு மாத்தவே முடியாது.